வயித்துல கிருமி இருந்தா கண்ணு காயுமா? ஆரணி தறிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். சாயங்காலம் ஆனால் எரிச்சல். கூடவே வெறும் வயிற்றில் நெஞ்சுக்குக் கீழே ஒரு காந்தல். முதல் இரண்டுக்கும் கண் டாக்டர், மூன்றாவதுக்கு வயிற்று டாக்டர் என்று தனித்தனியாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். ஆனால், இரைப்பையில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவுக்கும் கண் வறட்சி நோய்க்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

பட்டுத்தறியே வாழ்க்கையாக இருக்கும் ஆரணி போன்ற ஊருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. முடி போன்ற பட்டு இழையைப் பார்த்து நெய்கிறவருக்குக் கண்தான் மூலதனம். இந்தத் தொடர்பு எவ்வளவு உண்மை? கண் எரிச்சலுக்கு வயிற்று மருந்து சாப்பிடலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• வயிற்றுக் கிருமிக்கும் கண் வறட்சிக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. அது காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை.

• கண் வறட்சிக்காக மட்டும் வயிற்றுக் கிருமிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடச் சொல்லி எந்த முக்கிய மருத்துவ வழிகாட்டுதலும் இல்லை.

• வயிற்று வலிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் கண்ணை உலர வைக்கும். இது உறுதியாகத் தெரிந்த விஷயம்.

• கண், வயிறு இரண்டு தொந்தரவும் இருந்தால் இரண்டையும் ஒரே டாக்டரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண் வறட்சி என்றால் என்ன?

அழும்போது மட்டும்தான் கண்ணீர் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கண்ணின் மேல் எந்நேரமும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வழவழப்பான சளிப்பொருள், நடுவில் நீர், நீர் ஆவியாகாமல் இருக்க மேலே எண்ணெய்.

நீரைக் கண்ணீர்ச் சுரப்பி தருகிறது. எண்ணெயை இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சிறு சுரப்பிகள் தருகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தப் படலம் கண் முழுக்கப் புதிதாகப் பூசப்படுகிறது.

நீர் குறைந்தாலும் சரி, எண்ணெய் குறைந்து நீர் சீக்கிரம் ஆவியானாலும் சரி, கண்ணின் மேற்பரப்பு காய்ந்து அழற்சி ஏற்படுகிறது. டாக்டர்கள் இதை ‘ட்ரை ஐ’ என்கிறார்கள். உறுத்தல், எரிச்சல், சிவப்பு, மங்கலாகத் தெரிந்து இமைத்ததும் தெளிவாவது ஆகியவை இதன் அறிகுறிகள்.

‘எனக்குத்தான் கண்ணுல தண்ணி ஊத்துதே, அப்புறம் எப்படி வறட்சி?’ என்று பலரும் கேட்பார்கள். கண் காய்ந்து எரியும்போது, அதைச் சமாளிக்க உடம்பு திடீரென்று கண்ணீரைக் கொட்டும். அந்தக் கண்ணீர் நிலையாகப் படலமாக ஒட்டாது, வழிந்து போய்விடும். அதனால் கண்ணில் நீர் வடிவதும் வறட்சியின் அடையாளமாக இருக்கலாம்.

இது அபூர்வமான நோய் இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வட இந்தியாவில் மருத்துவமனைக்கு வந்தவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கண் வறட்சி அறிகுறிகள் இருந்தன.

தறி வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆரணி நகரம் மட்டுமில்லை, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு என்று சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுக்கு வீடு தறி உண்டு.

சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கிறார். ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். செல்போன், கம்ப்யூட்டர் பார்ப்பவர்களிடம் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. புட்டாவும் முந்தியும் தப்பில்லாமல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நாடா போடும் நெசவாளருக்கும் இதே கதிதான். அறுந்த இழையை முடிவது, பாவு பிணைப்பது போன்ற வேலைகளில் இமைக்கவே மறந்துவிடும்.

இதோடு இன்னும் சில விஷயங்கள் சேர்கின்றன. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராக ஓடும் ஃபேன் காற்று கண்ணீரைச் சீக்கிரம் ஆவியாக்கும். வெளிச்சம் போதாத அறை, சரிகையின் பளபளப்பு, நூல் தூசி எல்லாமே கண்ணைக் களைப்பாக்கும். சாயப்பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு ஆவியும் ரசாயனமும் கூடுதல் தொந்தரவு.

வயது கூடக்கூட கண்ணீர் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, கண் வறட்சி அதிகம். சர்க்கரை நோய் இருந்தாலும் ஆபத்து கூடும். வீட்டில் தார் சுற்றிக்கொண்டே அடுப்பையும் கவனிக்கும் ஐம்பது வயது அம்மாவுக்கு இவற்றில் பல காரணங்கள் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும்.

சரி, வயிற்றுக் கிருமி எது?

அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருக்கமாக ஹெச்.பைலோரி. ஸ்பிரிங் மாதிரி சுருண்ட உருவம் கொண்ட பாக்டீரியா. இரைப்பையில் சுரக்கும் அமிலத்தில் கிருமிகள் பிழைக்க முடியாது என்றுதான் மருத்துவ உலகம் ரொம்ப காலம் நம்பியது. இந்தக் கிருமியோ யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, தன்னைச் சுற்றி அம்மோனியாவை உருவாக்கி, அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் வாழ்கிறது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1982-ல் இதைப் பிரித்தெடுத்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

‘காரம் சாப்பிட்டா அல்சர் வரும்’ என்று ஊரில் சொல்வார்கள். காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஒன்று இந்தக் கிருமி, இன்னொன்று வலி மாத்திரைகள். நாள் முழுக்கக் குனிந்து தறியில் உட்கார்ந்து, முதுகு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுபவருக்கு இந்தக் கிருமியும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

2017-ல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, 2015-ல் உலகம் முழுக்கச் சுமார் 440 கோடி பேரிடம் இந்தக் கிருமி இருந்ததாகக் கணக்கிட்டது. இந்தியாவில் 100-க்கு 60 பேருக்கு மேல். பெரும்பாலும் சின்ன வயதிலேயே குடும்பத்துக்குள் பரவுகிறது. எச்சில், வாந்தி, மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை ஆகியவை பரவும் வழிகள். ஐதராபாத்தில் நடந்த ஓர் ஆய்வில், கிணற்று நீர் குடிப்பவர்களிடம் இந்தக் கிருமி கூடுதலாகக் காணப்பட்டது.

இதைப் படித்ததும் பயப்பட வேண்டாம். கிருமி இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் வருவதில்லை. 100 பேரில் சுமார் 10 முதல் 20 பேருக்கு அல்சர் வரலாம். ஓரிருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி என்று வகைப்படுத்தியது.

வயிறு எங்கே, கண் எங்கே? இரண்டும் எப்படிச் சேரும்?

கிருமி வயிற்றிலிருந்து கண்ணுக்கு ஏறிப் போவதில்லை. ஆய்வாளர்கள் சந்தேகிக்கும் வழிகள் வேறு.

முதல் வழி, அழற்சி. கிருமியோடு இரைப்பை வருடக்கணக்கில் போராடும்போது, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்திலும் கலக்கின்றன. கண் வறட்சியும் அடிப்படையில் ஓர் அழற்சி நோய். வறட்சி உள்ளவர்களின் கண்ணீரிலும் இதே வகைப் புரதங்கள் காணப்படுகின்றன. வயிற்றில் எரியும் தீ கண்ணிலும் புகைகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வழி, ஆள்மாறாட்டம். கிருமியின் சில பாகங்கள் நம் உடம்பின் புரதங்களைப் போலவே இருக்கின்றன. கிருமியைத் தாக்கப் புறப்பட்ட எதிர்ப்பு சக்தி, குழம்பிப் போய் சொந்தச் சுரப்பிகளையே தாக்கலாம் என்பது ஒரு கருத்து.

மூன்றாவது வழி, சத்துக் குறைவு. இந்தக் கிருமி நீண்ட நாள் இருந்தால் இரும்புச் சத்தும் வைட்டமின் பி12-ம் உடம்பில் சேர்வது குறையலாம். பி12 நரம்புகளுக்குத் தேவை. கண்ணின் கருவிழியில் நுண்ணிய நரம்புகள் அடர்த்தியாக இருக்கின்றன. அவை ஒழுங்காக வேலை செய்தால்தான் கண்ணீர் சுரக்க வேண்டும் என்ற தகவல் மூளைக்குப் போகும்.

மூன்றுமே அறிவியல்படி நடக்கக்கூடியவைதான். ஆனால் நடக்கக்கூடியது வேறு, நடந்தது என்று காட்டுவது வேறு.

ஆய்வுகள் இதுவரை என்ன சொல்கின்றன?

வயிற்றுக் கிருமியையும் கண்ணையும் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சி 20 வருடங்களுக்கும் மேலாக நடக்கிறது. 2001-ல் கிரீஸ் நாட்டு மருத்துவர்கள், க்ளாக்கோமா என்னும் கண் நீர்அழுத்த நோய்க்கும் இந்தக் கிருமிக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகளில் சில ஆதரித்தன, சில மறுத்தன.

கண் வறட்சிக்கு நெருக்கமான ஆய்வு 2006-ல் இத்தாலியிலிருந்து வந்தது. இமை ஓரத்தில் அழற்சி உள்ளவர்களிடம் ஹெச்.பைலோரி அதிகமாக இருந்தது. கிருமிக்கு மருந்து கொடுத்த பிறகு ஒரு பகுதியினருக்கு இமை அழற்சியும் குறைந்தது. இமை ஓரத்தில்தான் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கெட்டால் கண் வறட்சி வரும். அதனால் இந்த முடிவு கவனம் பெற்றது.

கண் வறட்சி உள்ளவர்களை நேரடியாகச் சோதித்து, அவர்களிடம் கிருமி கூடுதலாக இருப்பதாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவை சிறியவை.

மறுபக்கம் பாருங்கள். உலகம் முழுக்க உள்ள கண் நிபுணர்கள் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட கண் வறட்சி அறிக்கையில், உறுதியான காரணிகளாக வயது, பெண் பாலினம், இமை எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறு, கம்ப்யூட்டர் பயன்பாடு, சில மருந்துகள், ஷோகிரன் நோய் போன்றவை இருக்கின்றன. வயிற்றுக் கிருமி அந்தப் பட்டியலில் இல்லை.

100 தறிக்காரர் கணக்கு

ஒரு தெருவில் 100 நெசவாளர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 60 பேரிடம் வயிற்றுக் கிருமி இருக்கிறது. 20 பேருக்குக் கண் வறட்சி இருக்கிறது. இரண்டுக்கும் துளிகூடச் சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் கண் வறட்சி உள்ள 20 பேரில் சுமார் 12 பேரிடம் கிருமி இருக்கும். ஏனென்றால் தெருவிலேயே பாதிக்கு மேல் கிருமிக்காரர்கள்தான்.

அந்த 12 பேரை மட்டும் பார்ப்பவருக்கு, ‘அட, கண் எரியுறவங்கள்ல பாதிக்கு மேல வயித்துல கிருமி இருக்கே!’ என்று தோன்றும். அது ஏமாற்றும் கணக்கு. கண் நன்றாக இருக்கும் 80 பேரையும் சோதித்தால் அவர்களில் 48 பேரிடம் கிருமி இருக்கும். அதுவும் அதே 60 சதவீதம்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வயதானவர்களிடம் கிருமியும் அதிகம், கண் வறட்சியும் அதிகம். அப்படியானால் இரண்டையும் சேர்த்துவைப்பது கிருமியா, வயதா? இதைப் பிரித்தறிய, கண் வறட்சியும் கிருமியும் உள்ள நிறைய பேரை இரண்டு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கிருமி மருந்து கொடுத்து, இரண்டு குழுவின் கண்ணீரையும் அளந்து ஒப்பிட வேண்டும். அப்படிப்பட்ட பெரிய ஆய்வுகள் வந்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

உறுதியாகத் தெரிந்த தொடர்பு: மாத்திரை

கிருமி விஷயம் சந்தேகத்தில் இருந்தாலும், வயிற்றையும் கண்ணையும் இணைக்கும் ஒரு பாதை உறுதியாகத் தெரியும். அது மருந்துப் பெட்டியில் இருக்கிறது.

வயிறு பிடித்து வலிக்கும்போது சாப்பிடும் டைசைக்ளோமைன் மாத்திரை, அஜீரணத்துக்கும் வயிற்றுப் படபடப்புக்கும் தரப்படும் கிளிடினியம் சேர்ந்த மாத்திரை ஆகியவை தசைப்பிடிப்பைக் குறைக்கும். அதே வேலையின் விளைவாக எச்சில், கண்ணீர்ச் சுரப்பையும் குறைக்கும். நாள்பட்ட வயிற்றுத் தொந்தரவுக்குக் குறைந்த அளவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் மாத்திரையும் இப்படித்தான்.

சளி, அரிப்பு, தும்மலுக்குப் போடும் செட்ரிசின், குளோர்பெனிரமின் போன்ற அலர்ஜி மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும். நூல் தூசியால் தும்மல் வந்து தினமும் இந்த மாத்திரை போடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே ‘வயிறு சரியில்லாத நேரத்துல கண்ணும் எரியுது’ என்று சொல்பவருக்கு, காரணம் கிருமியாக இல்லாமல் அந்த நேரத்தில் சாப்பிட்ட மாத்திரையாகவே இருக்கலாம். அதற்காக டாக்டர் எழுதிய மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கண் டாக்டரிடம் எடுத்துப் போனாலே போதும். மாற்று இருந்தால் அவர் சொல்வார்.

வாயும் சேர்ந்து காய்கிறதா? கவனம்

கண் வறட்சியோடு வாயும் காய்ந்து போவது, தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காதது, மூட்டு வலி, அதிகச் சோர்வு எல்லாம் சேர்ந்திருந்தால் ஷோகிரன் நோயாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது. பாதிக்கப்படுபவர்களில் 10-க்கு 9 பேர் பெண்கள், பெரும்பாலும் நடுவயதினர்.

ஷோகிரன் நோயாளிகளிடம் ஹெச்.பைலோரி கிருமி கூடுதலாகக் காணப்படுவதாக 2018-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று சொன்னது. இங்கேயும் எது முதலில் வந்தது என்பது தெளிவாகவில்லை. ஆனால் இந்த நோயை ‘வயசாயிடுச்சு, கண்ணு காயுது’ என்று விட்டுவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் மூட்டு-வாத நோய் நிபுணரின் ஆலோசனையும் தேவைப்படும்.

கண்ணுக்காக ஆன்டிபயாடிக் சாப்பிடலாமா?

கூடாது. காரணங்கள் மூன்று.

ஒன்று, கண் வறட்சி தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹெச்.பைலோரி சிகிச்சைக்கான 2022-ம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதலில் அல்சர், நீடித்த அஜீரணம், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு போன்றவை சிகிச்சைக்கான காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கண் வறட்சி அதில் இல்லை.

இரண்டு, இது ஒரு மாத்திரையில் முடியும் சிகிச்சை இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு அல்லது மூன்று மருந்துகளைச் சேர்த்து, வழக்கமாக 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டல், வாய்க் கசப்பு, வயிற்றுப்போக்கு வரலாம்.

மூன்று, மருந்துக்கு அடங்காத கிருமி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி நாலு நாள் சாப்பிட்டு நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். கிளாரித்ரோமைசின் மருந்துக்குக் கட்டுப்படாத ஹெச்.பைலோரியை, புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் 2017-ல் உலக சுகாதார அமைப்பு சேர்த்தது. நாளைக்கு நிஜமாகவே அல்சருக்கு மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகலாம்.

அதே நேரம், அல்சர் இருந்து கிருமியும் உறுதியானால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அது வயிற்றைக் காப்பாற்ற. கண் எரிச்சலும் குறைந்தால் நல்லது. குறையவில்லை என்றால் கண்ணுக்கான சிகிச்சையைத் தனியாகத் தொடர வேண்டும்.

என்ன பரிசோதனைகள் இருக்கின்றன?

கண்ணுக்கு:

• சிர்மர் சோதனை: கீழ் இமையில் சிறு காகிதப் பட்டையை 5 நிமிடம் வைத்து எவ்வளவு நனைகிறது என்று அளப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் கண்ணீர் மிகக் குறைவு என்று பொருள்.

• கண்ணீர்ப் படலச் சோதனை: கண்ணில் மஞ்சள் நிறச் சாயம் விட்டு, இமைக்காமல் இருக்கும்போது படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பார்கள். 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் சரியில்லை.

• இமை ஓரச் சோதனை: எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

வயிற்றுக்கு:

• மூச்சுப் பரிசோதனை: ஒரு திரவத்தைக் குடிக்கவைத்து, ஊதும் காற்றைச் சோதிப்பார்கள். கிருமியின் யூரியேஸ் நொதியை இது காட்டிக்கொடுக்கும். எல்லா ஊரிலும் கிடைக்காது, கேட்டுக்கொண்டு போவது நல்லது.

• மலப் பரிசோதனை: இப்போது கிருமி இருக்கிறதா என்று காட்டும்.

• எண்டோஸ்கோபி: குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். அல்சரோ கட்டியோ இருந்தால் அதுவும் தெரியும்.

ஒரு முக்கியக் குறிப்பு. காஸ் மாத்திரை என்று பலரும் தினமும் காலையில் போடும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பரிசோதனைகளைச் செய்தால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். டாக்டரிடம் கேட்டு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகும் கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும்.

தறியில் இருந்தபடியே என்ன செய்யலாம்?

வேலையை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள் என்று சொன்னால் கூலிக்கு யார் பதில் சொல்வது? அதனால் வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடியவை இவை:

• நாடாவில் தார் தீர்ந்து மாற்றும்போதெல்லாம், கண்ணை முழுவதும் மூடி மூடித் திறந்து 10 முறை இமையுங்கள். அரைகுறையாக இமைத்தால் போதாது.

• 20 நிமிடத்துக்கு ஒரு முறை தலையை நிமிர்த்தி, வாசலுக்கு வெளியே 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள்.

• ஃபேன் காற்று முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

• வெளிச்சம் பாவின் மேல் விழ வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது.

• இரவு படுக்கும் முன், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். பிறகு இமை ஓரத்தை மெதுவாகத் துடையுங்கள். அடைத்த எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்க இது உதவும்.

• 40 வயதைத் தாண்டியவர்கள் கிட்டப்பார்வைக் கண்ணாடி தேவையா என்று சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் சிரமப்பட்டுப் பார்ப்பதும் எரிச்சலைக் கூட்டும்.

• டாக்டர் பரிந்துரைத்தால் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து விடலாம். அடிக்கடி விட வேண்டியிருந்தால் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத வகையைக் கேளுங்கள்.

வயிற்றுக்கு: குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, கழிப்பறை போய்வந்த பிறகும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, குழந்தைக்கு வாயில் மென்று ஊட்டாமல் இருப்பது. முதுகு வலிக்கு வலி மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

செய்யக் கூடாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, தேன் போன்றவற்றைக் கண்ணில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காய்ந்த கண்ணில் ஏற்கெனவே நுண்ணிய கீறல்கள் இருக்கும். சுத்தமில்லாத பொருள் பட்டால் கருவிழியில் புண் வந்து பார்வையே போகலாம்.

இன்னொரு பெரிய ஆபத்து, ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்து. ‘போன தடவை இதைப் போட்டதும் உடனே குளுகுளுன்னு ஆயிடுச்சு’ என்று பழைய பாட்டிலைக் காட்டிக் கடையில் வாங்குபவர்கள் உண்டு. சிவப்பும் எரிச்சலும் சீக்கிரம் அடங்கும். ஆனால் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி க்ளாக்கோமா வரலாம், கண்புரையும் வரலாம். க்ளாக்கோமாவில் இழந்த பார்வை திரும்ப வராது.

எங்கே போகலாம்?

ஆரணி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வேலூரில், ஆரணி ரோட்டிலேயே சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாவிட்டால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

போகும்போது நான்கு விஷயத்தைச் சொல்லுங்கள்: தினமும் எத்தனை மணி நேரம் தறியில் உட்காருகிறீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வயிற்றுத் தொந்தரவு எத்தனை நாளாக இருக்கிறது, வாய் வறட்சியோ மூட்டு வலியோ இருக்கிறதா. இந்த நான்கும் தெரிந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது டாக்டருக்குச் சுலபம்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

கண்ணில்: கடுமையான வலி, திடீரென்று பார்வை குறைவது, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது, ஒரு கண் மட்டும் நன்றாகச் சிவப்பது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி.

வயிற்றில்: மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, சாப்பாடு விழுங்கச் சிரமம், ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வயிற்று வலி. இவை இருந்தால் காஸ் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிற்றுக் கிருமியும் கண் வறட்சியும் பற்றிய ஆராய்ச்சி முடிய இன்னும் காலம் எடுக்கலாம். அதுவரை தறிக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. கண் வறட்சிக்கும் சிகிச்சை இருக்கிறது, அல்சருக்கும் சிகிச்சை இருக்கிறது. இரண்டையும் சரியான டாக்டரிடம், சரியான நேரத்தில் காட்டினால் போதும்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. மருந்து எடுப்பதற்கோ நிறுத்துவதற்கோ முன் கட்டாயம் மருத்துவரை அணுகவும்.)